இரண்டடுக்கு

ஒற்றைத் துணி என்றால் மூவாயிரத்து இருநூறு.
நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தது
எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஓசூர் பாகலூர் ரோட்டுக் கடையில் இம்தியாஸ்
இரண்டையும் விரித்து நிறுத்திவிட்டு
டீ சொல்லப் போனார்.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன்.
பகல் பன்னிரண்டு மணிக்கு
எந்தக் கூடாரமும் அடுப்புதான்.

பஞ்சப்பள்ளி அணைக்கரையில்
கார்த்திகை பாதியிலிருந்து தை பத்து வரைக்கும்
பனி இறங்கும்.
கம்பெனி விடுகிற வியாழக்கிழமைகள்
அதற்குள் எட்டு.
மழை ஒன்றைத் தின்னும்,
மச்சினன் வீட்டு விசேஷம் இன்னொன்றை.
மிச்சம் ஆறு ராத்திரி.
வகுத்தால் ராத்திரிக்கு ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பாலக்கோட்டில் அந்தக் காசுக்கு
வெந்நீரோடு லாட்ஜ் ரூம் கிடைக்கும்.
லாட்ஜ் ரூமில் கட்லா கடிக்காது,
அதுதான் ஒரே குறை.

"போன வருஷம் மொத்தம் எத்தனை கிலோ?"
ஜெயக்கொடி கேட்டாள்.
பதினொன்று.
"கெளுத்தியும் சேர்த்தா?"
கெளுத்தியும் சேர்த்துத்தான்.
கிலோ நூற்றெண்பது என்று வைத்தாலும்
ரெண்டாயிரத்தைத் தொடவில்லை என்று
புளி கரைத்த கையோடு சொல்லிவிட்டுப் போனாள்.
தூண்டில்காரன் வீட்டில்
போடக் கூடாத கணக்கு அது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி
படுத்துப் பார் என்று
முனிரத்தினம் தன்னுடையதைக் கொடுத்தான்.
தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு அவன் சென்னைக்குப் போக,
நான் கூடாரத்தை பைக்கில் கட்டிக்கொண்டு
சின்னாற்றுப் பக்கம் போனேன்.

ராகி மாவும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை
இரண்டு தூண்டிலிலும்.
கோலின் நுனியில் சின்ன மணி.
பேருந்து நிலையத்தில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய ஐஸ்
தெர்மாகோல் பெட்டியில்.

போன வருஷத் தார்ப்பாயில்
என் மூச்சே மேலே ஏறித் தொங்கி
மூன்று மணிக்கு என் பிடரியிலேயே சொட்டும்.
இதில் சொட்டவில்லை.
தடவிப் பார்த்தேன், துணி காய்ந்திருந்தது.
மப்ளரை அவிழ்த்தேன்.
சாக்ஸையும்.
பனிக்காலத்தில் அணைக்கரையில் என் கால்விரல்களை
நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அப்புறம் விடிந்துவிட்டது.

கவட்டைக் குச்சி நிற்கிறது, கோல் இல்லை.
சேற்றில் தண்ணீர் வரை
ஒரு நீளக் கோடு.
மணி அடித்திருக்கும், பாவம்,
பஞ்சுக்கு அந்தப் பக்கம்.
பெட்டியைத் திறந்தேன்:
ஐஸ் முனைகூட மழுங்காமல்
மீனுக்குக் காத்திருந்தது.
அதை வெயிலிலிருந்தும் என்னைப் பனியிலிருந்தும்
காப்பாற்றியது ஒரே வித்தை.
நாங்கள் இரண்டு பேரும்
நன்றாக இருந்தோம். மீன்தான் இல்லை.

வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன்.
குளிர்தான் தூண்டில்காரனுக்குக் காவல்,
தூங்கவிடாது, அதற்குப் போய்
ஒன்பதாயிரமா என்றேன்.
நானே யோசித்துக் கண்டுபிடித்தது மாதிரி
கொஞ்சம் சத்தமாகவே.

ஜெயக்கொடி அலமாரியிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொட்டினாள்.
டாக்டர் சீட்டுகள். தை, மாசி, திரும்பவும் மாசி.
நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று.
இருமல் மருந்துக்கு
நாலாயிரத்து நூற்றுப் பத்து.
"மீனை மட்டும்தானே நீ எடை போட்டே," என்றாள்.
கோல் போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
அதன் விலை அவளுக்குத் தெரியாது,
நானும் சொல்லவில்லை.

இம்தியாஸிடம் ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.
தையில் ஸ்டாக் தள்ளுவாராம்,
ஆயிரம் குறையும், அப்போது பனியும் குறையும்,
இன்னும் அந்தப் பேச்சு ஓடுகிறது.

இதற்கிடையில்
சந்தையில் மாட்டு மணி ஒன்று வாங்கினேன், பித்தளை.
ராத்திரி கோலில் கட்டி
மாடியிலிருந்து ஆட்டிப் பார்த்ததில்
எதிர்வீட்டுப் பசு எழுந்து நின்றுவிட்டது.
கதவு ஜன்னல் சாத்தி
உள்ளே இரண்டு கம்பளிக்குக் கீழே படுத்திருந்த
ஜெயக்கொடிக்குக் கேட்டதா என்று
கீழே இறங்கிப் போய்க் கேட்டேன்.

"எது?" என்றாள்.